நாற்பத்து மூன்றாம் முளை

பூவம்மாள் திருடியது ஒரே ஒரு முளைக்குச்சி. அதற்கே அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

சிவப்புப் பெயின்ட் அடித்து, 43 என்று நம்பர் எழுதிய சர்வே முளை. நேற்று மத்தியானம் அவள் குடிசை வாசலில் நட்டார்கள். சாயங்காலம் எல்லாரும் டீக்கடைப் பக்கம் ஒதுங்கியதும் அதைப் பிடுங்கினாள். குடிசைக்குப் பின்னால், சுவரை ஒட்டினாற்போல் ரெங்கசாமியின் வயலோரத்தில் நட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

திருட்டுத்தான். ஆனால் வேறு என்ன செய்வாள்?

அவள் வாசலை ஒட்டிப் போவது, நீடாமங்கலத்தில் தொடங்கி ஆற்றங்கரையோடு கடல்வரை நீளும் நாலு நாள் நடைபாதை. இத்தனை வருஷமும் வழியிலுள்ள ஊர்க்காரர்களே வெள்ளம் வடிந்ததும் மண் அணைத்து, முள் வெட்டிக் காப்பாற்றி வந்தார்கள். அதில் பூவம்மாளின் பங்கு, நடக்கிறவர்களுக்கு வாசலில் ரெண்டு பானைத் தண்ணீர். இப்போது சர்க்கார் அந்தப் பாதையைத் தேசியத் தரத்துக்கு உயர்த்தப் போகிறதாம். நல்ல காரியம்தான். ஆனால் மூன்றடிப் பாதை எட்டடி ஆகும். பட்டா இல்லாத அவள் குடிசை அந்த எட்டடிக்குள் அடங்கிப் போகும்.

முளை நட்ட சர்வேயர் என்னென்னவோ விளக்கினார். பயத்தில் அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"முளையை எவனாவது அசைச்சா போலீஸ் கேஸ்!"

போலீஸ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கூலிச் சண்டை வந்த வருஷம் அண்ணன் முருகையனை வயலிலிருந்தே அள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவன் இன்றுவரை நேராக நடக்கவில்லை.

புருஷன் வீரையனும் ஊரில் இல்லை. வக்கீலைப் பார்க்கக் கும்பகோணம் போயிருந்தான். அந்த வழக்கும் இதே ரெங்கசாமியோடுதான். குத்தகைப் பதிவுச் சட்டம் வந்ததும், தான் உழுத அவருடைய வேறொரு வயலுக்குக் குத்தகைக்காரனாக வீரையன் தன் பேரைப் பதிந்துகொண்டான். நிலச்சொந்தக்காரர் ரெங்கசாமி கோர்ட்டுக்குப் போனார். பன்னிரண்டு வருஷமாக ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்தான் பாதைக் குழுவுக்கும் தலைவர். முளை தன் வயலில் நிற்பதைப் பார்த்தால் சும்மா விடுவாரா?

காலை எட்டு மணிக்கு மெட்ராஸ் ஆபீசர் செல்லதுரை வந்து இறங்கினார். நேற்று முளை நட்ட சர்வேயர் அடுத்த ஊருக்குப் போய்விட்டதால், சரிபார்த்து வரைபடத்தில் ஏற்றுவது இவர் வேலை. டேப்பைப் பிடித்தபடி ரெங்கசாமி கூடவே வந்தார்.

பூவம்மாள் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

முளை அவள் நட்ட இடத்தில் இல்லை! இன்னும் ஐந்தாறடி உள்ளே தள்ளி, பால் பிடித்து நின்ற பயிருக்கு நடுவில் இருந்தது.

ரெங்கசாமியின் வேட்டியைப் பார்த்தாள். முழங்கால்வரை ஈரச் சேறு. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்டுபிடித்துவிட்டார். திருட்டைப் பெரிதாகக் காட்ட, முளையை இன்னும் உள்ளே தள்ளி வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருஷக் கணக்கைத் தீர்க்க அவருக்கு இதைவிட நல்ல நாள் வருமா?

"என்னங்க இது?" ஆபீசர் நின்றுவிட்டார். "நாப்பத்திரெண்டும் கரைமேல இருக்கு, நாப்பத்திநாலும் கரைமேல இருக்கு. இது மட்டும் வயலுக்குள்ள இறங்கியிருக்கு. யாராவது அசைச்சாங்களா?"

பூவம்மாள் பானையைப் பிடித்துக்கொண்டாள்.

ரெங்கசாமி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்லீங்க சார். நேத்து நட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். இந்த இடத்துல ஆத்துக்கரை அரிக்குது. அதான் உள்ளே தள்ளி நட்டாங்க."

"இது யார் வயல்?"

"என்னோடதுதாங்க."

ஆபீசர் அதற்குமேல் கேட்கவில்லை. தன் பயிர்மேல் பாதை போகட்டும் என்று எவன் பொய் சொல்வான்?

"சரி, டேப்பைப் பிடிங்க. முளைதான் நடு. ரெண்டு பக்கமும் நாலடி."

டேப் குடிசைப் பக்கம் நீண்டது. அடுப்பங்கரைச் சுவருக்கு ஒரு முழம் முன்னாலேயே நாலடி முடிந்துபோனது. ஆபீசர் குறித்துக்கொண்டு அடுத்த முளைக்கு நடந்தார்.

ரெங்கசாமி மட்டும் பின்தங்கினார். நேராக அவள் வாசலுக்கு வந்து கையை நீட்டினார்.

"கொஞ்சம் தண்ணி ஊத்து. சேத்தைக் கழுவணும்."

ஊற்றினாள். கையைக் கழுவிவிட்டு, மீதித் தண்ணீரைக் காலில் வாங்கிக்கொண்டார்.

"சுவரை ஒட்டி நட்டா எப்படி?" என்றார் தணிந்த குரலில். "முளைதான் நடு, நாலடி விடணும்னு அந்த சர்வேயர் தொண்டை கிழியக் கத்துனாரே! அப்படியே விட்டிருந்தா உன் அடுப்பங்கரை போயிருக்கும்."

"ஐயா..." பூவம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுவாதே. நடக்கிற சனத்துக்குத் தண்ணி வைக்கிற வீட்டை இடிச்சுட்டு என்ன பெரிய தேசியத் தரம்? வீரையன்கிட்ட மட்டும் மூச்சு விடாதே. செவ்வாக்கிழமை வாய்தா இருக்கு. நான் இளகிட்டேன்னு நினைச்சுக்குவான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் பிடுங்குனதை நீங்க எப்பங்கய்யா பாத்தீங்க?"

"நான் எங்க பாத்தேன்?" ரெங்கசாமி துண்டில் கையைத் துடைத்தார். "பொழுது விடிஞ்சதும் அந்த முளையைப் பிடுங்கிடலாம்னு நானே கடப்பாரையோட உன் வாசலுக்கு வந்தேன். குழிதான் இருந்துச்சு."