பச்சைக் கட்டம்

இணைய ரம்மி நிறுவனத்தில் மோசடிக் கணக்குகளைப் பிடிப்பது ஜெசிந்தாவின் வேலை. தனுஷ்கோடி என்பவரின் ஆட்டத்தில் மட்டும் ஒரு சீட்டு பாதிவரை மேலே வரும், தயங்கும், கீழே போகும், மறுபடி வரும். ஒரே கணக்கில் இரண்டு பேர் ஆடுகிறார்கள் என்று எச்சரித்தது கணினி. அது உண்மையென்றால் கணக்கை மூடிவிட வேண்டும். சரிபார்க்க வீடியோவில் அழைத்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த தனுஷ்கோடியின் கைகள் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. அருகில் ஒட்டி உட்கார்ந்து போனைப் பிடித்திருந்தவர் அவர் மனைவி.

“யார் சார் ஆடுறது?”

“நான்தாம்மா. விரல் மட்டும் அவளோடது.”

“விரல் சும்மா இருக்குமா? இந்த மனுசன் ஜோக்கரையே கீழ போடச் சொல்றாரு. எப்படிப் போடுறது, நீயே சொல்லு!”

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அம்மா, திரையில ஒரு முகம்தான் தெரியணும். இல்லேன்னா கணக்கை மூடிருவாங்க.”

அந்தம்மா விலகிப்போவார் என்று நினைத்தாள். அவரோ போனை எட்டப் பிடித்து, கணவரின் கன்னத்தில் தன் கன்னத்தை அழுத்தி ஒட்டிக்கொண்டார்.

“இப்பப் போதுமா கண்ணு?”

ஜெசிந்தாவின் திரையில் முகத்தைத் தேடிய பச்சைக் கட்டம் இருவருக்கும் நடுவே கொஞ்சம் தடுமாறியது. பிறகு இருவரையும் சேர்த்து வளைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. ‘நபர் ஒருவர். சரியா?’ என்று கேட்டது கணினி.

“மூச்சு விடலாமா?” என்றார் தனுஷ்கோடி.

ஜெசிந்தாவின் விரல் ‘ஆம்’ பொத்தான்வரை போனது, தயங்கியது, திரும்ப வந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்க, சார்.”