அந்தரத்தில் ஒரு குண்டு

மத்தியான வெயில் மானிட்டரின் தூசியில் படிந்திருக்கிறது. முன்பு டிவியில் மாட்டி ஆடிய துப்பாக்கி கேமை அக்காவும் தம்பியும் கம்ப்யூட்டரில் ஆடுகிறார்கள். சேமித்து வைத்த இடத்திலிருந்து லோட் பண்ண வேண்டிய அக்கா, கை தவறி சேவ் பட்டனை அமுக்கித் தொலைத்துவிட்டாள். எதிரி சுட்ட குண்டு அவர்களுடைய வீரனின் நெஞ்சை நெருங்கிய நொடி அப்படியே பதிந்துவிட்டது. எத்தனை தடவை லோட் பண்ணினாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் வீரன் சாகிறான். "விடுக்கா, புதுசா ஆரம்பிப்போம்." "இருடா, இவன எப்படியாவது தப்பிக்க வெச்சிடறேன். அம்மாவ ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோய் எவ்ளோ நேரமாச்சு?" "நாலு மணி நேரம். முடிஞ்சதும் அப்பா கூப்பிடுவாரு." அவள் மறுபடி லோட் பண்ணும்போதே கீபோர்டு பக்கத்தில் போன் அதிர்கிறது. அப்பாதான். தம்பி சட்டென்று ஆட்டத்தை நிறுத்துகிறான். குண்டு அந்தரத்தில் நிற்கிறது. "எடுக்கா." "நீ எடு." போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புக்கு நகர்கிறது.