வாய் திறவாமல் பிசைந்த மா

நாளைய திருவிருந்து அப்பத்துக்கு ஜெபமலர் குசினி மேசையில் மா பிசைகிறாள். பிசைந்து முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. அது அவர்கள் சபைப் பெண்களின் வழக்கம். வெளியே துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. "சீனி வருத்தத்துக்கு நல்லதெண்டு எத்தினை நாளைக்கு இந்தக் குரக்கன் பாணைத் தின்னுறது?" காலையில் அவள் சுட்ட கேழ்வரகு ரொட்டியை, சர்க்கரை நோயுள்ள அவள் கணவன் செல்வநேசன் சுவரில் அடிக்கிறான். அவள் பிசைகிறாள். "வாயில என்ன கொழுக்கட்டையா?" கன்னத்தில் அறை விழுகிறது. தண்ணீர்ச் செம்பு உருண்டு விழுந்து தரையில் சுழல்கிறது. கூந்தலைச் சுருட்டிப் பிடித்து இன்னுமொன்று அறைகிறான். அவள் கைகள் மாவை விடவில்லை. கிழிந்த உதட்டிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் மாவில் விழுந்து பரவுகிறது. அவன் பிடி தளர்கிறது. நாளைக்குத் தேவாலயத்தில் அப்பத்தட்டை ஏந்திப் போகிறவன் அவன்தான். "அந்த இடத்தைக் கிள்ளி எறி," என்கிறான், குரல் இறங்கி. அவள் கிள்ளவில்லை. அந்த இடத்தை உள்ளே மடித்து, உள்ளங்கையால் அழுத்தி, சிவப்பு மறையும்வரை மறுபடி மறுபடி மடிக்கிறாள். மாவை உருட்டி ஈரத்துணியால் மூடிய பிறகுதான் வாய் திறக்கிறாள். "நாளைக்கு முழங்காலில நிண்டு இதை வாங்கேக்க, ஆரின்ர இரத்தமெண்டு தெரிஞ்சு வாங்குங்கோ."