நல்லா நடிக்கிறே சோனியா

“புரொபசர் பூவராகவனை நீ ‘யோவ்’னு கூப்பிட்டியா, இல்லியா?”

முதல்வர் ஆதிநாராயணன் மேசையைத் தட்டிக் கேட்டார்.

“கூப்ட்டேன் சார்.”

“வெறும் ‘யோவ்’ தானா?”

“இல்ல சார். ‘யோவ் பூவராகவா’.”

விசாரணைக் கமிட்டியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். நர்சிங் கடைசி வருஷ மாணவி, மருத்துவக் கல்லூரியின் மூத்த பேராசிரியரை, அதுவும் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது! திருவள்ளூர் வட்டாரத்தில் மருந்து மாறிப் போயிருக்கிறது, ஆளே மாறிப் போயிருக்கிறது. மரியாதை மட்டும் மாறியதில்லை.

சோனியாவின் அம்மா செல்வி, கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வந்திருந்தாள்.

“அதுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி சார். பெரிய மனசு பண்ணி உட்ருங்க. படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்க. இதை நம்பித்தான் ஊடே கீது.” மகளை இடித்தாள். “கால்ல வுழுடி.”

“நான் இன்னா தப்பு பண்ணேன், வுழறதுக்கு?”

“பாத்தீங்களா?” என்றார் முதல்வர், கமிட்டியைப் பார்த்து. கமிட்டி பார்த்தது.

பூவராகவன் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் சாதாரண வாத்தியார் இல்லை. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் என்று படிக்கிற எல்லாரையும் ஒரே வகுப்பில் போட்டு, டீமாக வேலை செய்யப் பழக்குவதற்கே ஆயுளைக் கொடுத்தவர். ‘நோயாளிக்கு ஆபத்து என்றால் யாரும் யாரையும் நிறுத்தலாம்.’ அவருடைய இந்த வாசகம் வகுப்புச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே டாக்டர் பிள்ளைகளுக்குக் குஷன் நாற்காலி, நர்சிங் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் ஸ்டூல்.

“அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?” என்றார் முதல்வர்.

“நெஞ்சு வலி கிளாஸ் சார்...” என்று சோனியா சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த வகுப்புக்கு நோயாளியாக நடிக்க ஆள் வைப்பார்கள். கவரைப்பேட்டை சுப்பராயன்தான் கல்லூரியின் நிரந்தர நெஞ்சு வலி. இரும்பு ஆலையில் ஆட்குறைப்பு செய்த பிறகு அவருக்கு இதுதான் பிழைப்பு. கட்டில் அதிர அலறுவார். நடுவில் கண்ணடித்து, “இன்னிக்கு நாஷ்டா இன்னாம்மா?” என்பார்.

அன்றைக்கு அலறவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சும்மா படுத்திருந்தார்.

“சுப்பராயன், நடிப்பு டல்லா இருக்கே” என்றார் பூவராகவன்.

டாக்டருக்குப் படிக்கும் பார்த்திபன் வைத்தியத்தைத் தொடங்கினான்.

“ஆக்சிஜன் வெச்சுட்டேன் சார்.” வைக்கவில்லை.

“மாத்திரை குடுத்துட்டேன் சார்.” கொடுக்கவில்லை. பயிற்சியில் எல்லாமே வாயால்தான்.

நாடி பார்க்கிற வேலை சோனியாவுக்கு. கையைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

“சார், நிறுத்துங்க. இவருக்கு நிஜமாவே வலிக்குது.”

“குட்! நர்ஸ் இப்படித்தான் தைரியமாப் பேசணும்.” பூவராகவன் மார்க் போட்டார்.

“ஐயோ, நடிப்பு இல்ல சார்!”

“வெரி குட். நல்லா நடிக்கிறே சோனியா. குரல்ல அந்தப் பதற்றத்தைக் கவனிங்கப்பா.”

“சார், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன் சார்...”

வகுப்பு கைதட்டியது. சோனியா அழுதாள். அழுகைக்குத் தனி மார்க் விழுந்தது. சுப்பராயனின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“யோவ் பூவராகவா! ஆளு சாவறாருய்யா!”

கைதட்டல் நின்றது. எந்த நர்சிங் மாணவியும் மார்க்குக்காக இப்படிக் கத்த மாட்டாள் என்பது எல்லாருக்கும் அந்த நொடியே புரிந்தது. பக்கத்துக் கட்டிடம்தான் ஆஸ்பத்திரி. கட்டிலை முதலில் தள்ளிக்கொண்டு ஓடியவர் பூவராகவன்.

சோனியா சொல்லி முடித்தாள்.

“ஆள் பொழைச்சுட்டான். சந்தோஷம்” என்றார் முதல்வர், சந்தோஷமில்லாமல். “அதுக்காக? ‘சார்’னே இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சார் சார்னு சொன்ன வரைக்கும் மார்க்குதான் சார் வந்துச்சு.”

“திமிரு! ஒரு வருஷம் சஸ்பெண்ட் பண்ணாத்தான் அடங்கும்.” பேனாவைத் திறந்தார். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூவராகவன் எழுந்தார். “அவ கூப்பிட்டது என்னை. தண்டனையை நான் குடுக்கறேன் சார். நாளைக்கு வகுப்புல, எல்லார் எதிர்லயும்.”

முதல்வர் முகத்தில் திருப்தி தெரிந்தது. எல்லார் எதிரிலும் என்றால் இன்னும் நல்லதுதான்.

மறுநாள் அவரே வந்து முன் வரிசைக் குஷன் நாற்காலியில் உட்கார்ந்தார். பூவராகவன் சோனியாவைக் கூப்பிட்டுத் தன்னுடைய நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு சுவர் வாசகத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி ஒட்டினார்.

‘நடிப்பு இல்லை, நிஜம் என்றால் சொல்ல வேண்டியது: யோவ் பூவராகவா.’

“எல்லாரும் எழுந்து கத்திப் பழகுங்க. சோனியா மார்க் போடுவா. முதல்வர் சார், நீங்களும்.”

எழுந்தார்கள். தொண்டையைச் செருமினார்கள். பக்கத்து ஆள் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

“யோவ் பூவராகவா... சார்!”

சோனியா நிமிர்ந்து பார்த்தாள்.

“பேஷண்ட் செத்துட்டாரு. அத்தனை பேரும் ஃபெயில்.”