இடது கால் இரும்பு

புருஷன் விழப்போகிறான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தபோது அவன் வளைவைத் தாண்டியிருந்தான்.

கரித்தூள் கொட்டிய பாதை இடப்பக்கம் வளைகிறது. அவன் முன்சக்கரத்தை வலப்பக்கம் ஒடிக்கிறான். பின்சக்கரம் வெளிப்பக்கம் சறுக்கி ஓடுகிறது. மோட்டார் சைக்கிள் என்னவோ சமர்த்தாக இடப்பக்கமே திரும்புகிறது.

கண்ணால் பார்த்தும் அவளால் நம்ப முடியவில்லை.

வெள்ளைக்கார இன்ஜினியர்கள் தங்கவயலுக்குக் கொண்டுவந்த பந்தயம். இப்போது ஜெயிப்பதெல்லாம் அவன்தான். ஊருக்கே அவன் பேர் தெரியும். அவளுக்குத் தெரிந்தது இடது முட்டியில் மட்டும் கிழிந்து வரும் கால்சட்டைகள். தைத்துத் தைத்து அலுத்துவிட்டது.

போன மாதம், அவனோடு ஓட்டுகிற ஆரோக்கியம் வளைவில் விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

கல்லறையிலிருந்து வந்ததும் அவள் அவனுடைய இடது கால் இரும்பை எடுத்துக் கேழ்வரகு மாவுப் பானைக்குள் புதைத்துவிட்டாள்.

இடது பூட்ஸுக்கு அடியில் வாரால் கட்டும் தகடு. வளைவில் அந்தக் காலைத் தரையில் தேய்த்தபடிதான் போக வேண்டும். தகடு இல்லாவிட்டால் பேசாமல் வீட்டில் கிடப்பான் என்று கணக்குப் போட்டாள்.

அவன் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினான்.

அவளை மட்டும் கேட்கவில்லை.

இன்று வெறும் பூட்ஸோடு கிளம்பிவிட்டான்.

கைவிட்ட சுரங்கக் குழியில் போட்டுத் தொலைக்கத்தான் அவள் இரும்பைக் கூடையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். பாதி வழியில் வண்டிகளின் சத்தம் கேட்டது. கால்கள் மைதானத்துக்கு இழுத்து வந்துவிட்டன.

மறுபடி வளைவு. மறுபடி சாய்ந்தான். தோள் தரையைத் தொட்டுவிடும் போலிருந்தது.

"பிரேக்கையாவது புடிக்கக் கூடாதா?"

"இந்த வண்டிக்குப் பிரேக்கே கெடையாது, அண்ணி. சாச்சு ஓட்டுறதுதான் பிரேக்கு," என்றான் பக்கத்தில் நின்ற செல்லப்பன். அவனுடைய மெக்கானிக்.

இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. வீட்டில் ஒரு குடத்தைச் சிந்தாமல் இறக்கி வைக்கத் தெரியாத மனுஷன். இவனோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம்?

அவன்தான் முதலில் வந்தான்.

இன்னும் ஒரு பந்தயம் பாக்கி. பெட்டியின்மேல் உட்கார்ந்து இடது காலைத் தூக்கிப் பார்த்தான். பூட்ஸின் அடி தேய்ந்து போயிருந்தது. கிழிசலில் ரத்தம். அதன்மேல் கிழிந்த சாக்கைச் சுற்றத் தொடங்கினான்.

அவள் எதிரே போய் நின்றாள்.

கூடையிலிருந்து இரும்பை எடுத்தாள். தகட்டின் ஓரத்தில் மாவு அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

அவன் மாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

சாக்கை அவிழ்த்துப் போட்டு இடது காலை நீட்டினான்.

அவள் மண்டியிட்டு வாரை இழுத்து முடிந்தாள். மெதுவாகப் போங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"நல்லா சாச்சு ஓட்டுங்க," என்றாள்.