ஏழாவது கூண்டு

“இன்னைக்கு அவ பயப்படவே இல்ல. போன வாரம் கதவத் தாண்டவே மாட்டேன்னுட்டா!”

குளியலறைக்குள் கணவன் போனில் குசுகுசுத்தான். வெளியே துண்டோடு நின்ற டீச்சருக்குப் பகீரென்றது. எவள் அவள்?

இவனைப் போய் எப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்! காலையில் அவள் மூக்கடைப்புக்குத் தானே மருந்தடித்துவிடுவான். மாதாமாதம் மறக்காமல் அவளுடைய தேதியைக் கேட்பான். உயரம் என்றாலே நடுங்குகிறவளை, “சும்மா வந்து நில்லேன்” என்று பால்கனிக்குக் கூப்பிட்டுப் பழக்குவான். பூனை வளர்க்கக் கேட்டபோது மட்டும், “வீட்டுக்குள்ள ஒரு பிராணியும் வரக்கூடாது” என்று கறாராகச் சொல்லிவிட்டான்.

சக டீச்சர்களிடம் அடித்துக்கொண்ட பெருமையெல்லாம் இப்போது நெஞ்சை அறுத்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக அவனுடைய ஆய்வுக்கூடத்துக்கே போனாள். கையும் களவுமாகப் பிடித்தால் அப்படியே அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவு.

அவன் மீட்டிங்கில் இருந்தான். உதவியாளப் பெண்தான் எதிரே வந்தாள்.

“காலையில போன்ல உங்க சார் ‘அவ, அவ’ன்னு கொஞ்சினாரே, யாரு அது?”

“எங்கிட்டதான் மேடம் பேசினார். அது ஏழாம் நம்பர் எலி!”

டீச்சர் அசடு வழிந்தாள். உதவியாளப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளே அழைத்துப் போய், உயரத்தில் தடுப்பில்லாமல் நீண்டிருந்த பலகையைக் காட்டினாள்.

“எல்லாம் பெண் எலிங்க மேடம். மூக்குல ஆக்ஸிடோசின் மருந்து அடிச்சா பயம் குறையுதான்னு பாக்கறோம். ஆனா அதுங்க ஹார்மோன் சுழற்சியையும் பாக்கணும். சில நாள் ஜம்முன்னு இந்தப் பலகைக்கு வந்து நிக்கும். சில நாள் அதே மருந்துதான், மூலைய விட்டு அசையாது.”

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போயும் போயும் ஒரு எலிக்காகவா அவனைச் சந்தேகப்பட்டாள்! இன்று மாலை அவனுக்குப் பிடித்ததாக ஏதாவது சமைக்க வேண்டும்.

“என் சக்களத்திய ஒரு தடவை பாத்துட்டுப் போறேனே!”

வரிசையில் ஆறு கூண்டுகளில் எலிகள் சுருண்டு கிடந்தன. ஏழாவது காலியாக இருந்தது.

“எங்க காணோம்?”

உதவியாளப் பெண் வியப்போடு அவளைப் பார்த்தாள்.

“அதத்தான் சார் உங்க வீட்லயே வெச்சிருக்காரே, மேடம்!”