விட்டுப்போன வாழ்த்து

கொடைக்கானல் மலையில் முதன்முதலாக ஒலித்து, பிறகு மூடப்பட்டுவிட்ட வானொலி நிலையத்தின் வரலாற்றைத் திரட்டிக்கொண்டிருந்த தாரணி, பண்ணைக்காட்டில் தேவகுமாரியின் வீட்டுக்கு வந்தாள்.

“எல்லாரும் அறிவிப்பாளர் ஜெயச்சந்திரனைத்தான் சொல்றாங்க. மலையில எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள்னாலும் பேர் சொல்லி வாழ்த்துவாராமே! நீங்க கேட்டிருக்கீங்களாம்மா?”

“ஒரு நாளும் விட்டதில்ல. மக பிறந்தநாளன்னிக்கு வெள்ளனே குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, ரேடியோ முன்னால உக்கார வச்சிருவேன். வருசா வருசம் ஊர்ப் பிள்ளைக பேரெல்லாம் வரும். இவ பேரு மட்டும் வராது. அழுதுக்கிட்டே பள்ளிக்கூடம் போவா.”

“அடடா! நிலையத்துக்குக் கார்டு போட்டாத்தானே வாசிப்பாங்க? நீங்க போடலையா?”

தேவகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“போட்டிருக்கலாம்மா. பெத்த அப்பனுக்கே கார்டு போட்டுச் சொல்லணுமான்னு வீம்பா இருந்துட்டேன்.”